மூணு கம்ப்யூட்டர் சாட்சி

இந்தக் கட்டை உங்க கால்பக்கம் வச்சுக்கிடட்டுமா தம்பி? பாக்கத்தான் பெருசு, கனம் கெடையாது, நைலான்தான். நல்லது. உங்க மடியில இருக்கது லேப்டாப்புதான? பையப் பாத்ததும் தெரிஞ்சிட்டு. முன்னால ரெண்டு சீட்டு காலியாக் கெடந்தும் இங்கன வந்து உக்காந்தது அதுக்குத்தான், தப்பா நெனச்சுக்கிடாதீங்க. அதுல ஓடுதது விண்டோஸா, லினக்ஸா? ரெண்டும் தெரியுமா? அப்பம் மாதாதான் உங்கள இந்தப் பஸ்ல ஏத்திவிட்டிருக்கா.

எனக்கு ஒரு கேள்வி இருக்கு. அதை இப்பமே கேட்டா உங்களுக்குப் புரியாது. மொதல்ல கதையக் கேளுங்க. எங்க ஊரு வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.

எம்பேரு தொபியாஸ். கடல்தொழில். சொந்த வள்ளம், தூண்டில் போடுதவன், எங்கிட்ட வலை கெடையாது. இந்த வருஷம் கடல் முழுக்க சீலா மீனு ஓடுத நேரத்துல எம் வள்ளம் நாப்பத்தோரு நாளு மணல்ல கெடந்துச்சு. எஞ்சின் கோளாறு இல்ல. ஓட்டை இல்ல. ஊர்க் கமிட்டி தடை போட்டுட்டாவ. எதுக்குன்னு கேட்டீங்கன்னா, இந்தா பாருங்க, உள்ளங்கை அகலத்துல இருக்குல்லா இந்த ஜிபிஎஸ் மிஷினு, இதை ஒழுங்கா வாசிக்க ஊர்ல ஒரு கம்ப்யூட்டருக்கும் துப்பில்ல. அவ்வளவுதான் விஷயம். ஒண்ணு கோணலா வாசிக்கி, ஒண்ணு வாசிக்கவே மாட்டேங்கு, ஒண்ணு அரைகுறையா வாசிக்கி. பாதிக்கப்பட்டது நானு.

நடந்தது என்னன்னா, எம் மச்சான் கிராசியான். எம் பொண்டாட்டி மெற்றில்டாவுக்குக் கூடப்பொறந்த அண்ணன். வலைக்காரன். ஒரு நாளு காலையில அவன் வலைய எவனோ அறுத்துட்டான். ஒரு வலை இல்ல, நாலு வலை, கந்தல் கந்தலா வந்துச்சு. அந்தத் திக்குல இருந்து அன்னைக்குக் கரைக்கு வந்தது எம் வள்ளம் ஒண்ணுதான், அதனால தொபியாஸ்தான் அறுத்தான்னு கமிட்டியில போயி நின்னுட்டான். சொந்தத் தங்கச்சி புருசன்னு பாக்கல. எங்க வலை போட்டிருந்தேன்னு கேட்டதுக்கு, கோயில் கோபுரத்துக்கு நேர் கிழக்க, எட்டு பாகம் ஆழத்துலன்னு சொன்னான், பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம். நான் அந்தப் பக்கமே போகல தம்பி. மாதா மேல சத்தியமாச் சொல்லுதேன், அந்தப் பக்கம் நான் போகவே இல்ல.

அன்னைக்கு எஞ்சின் ஒரு தடவ தடுக்கிச்சு, அது உண்மைதான். ஒரு இழுப்பு இழுத்துச்சு. பாசி சுத்தியிருக்கும்னு எஞ்சினைப் பின்னால எடுத்து, மறுபடி முன்னால போட்டேன், விட்டுருச்சு. கடல்னா பாசி இருக்கத்தான் செய்யும். அது வேற விஷயம்.

கமிட்டியிலயும் இதே சத்தியத்தைப் பண்ணிட்டு, நாந்தான் வாயக் குடுத்தேன். "எங்கிட்ட ஜிபிஎஸ் இருக்கு. அன்னைக்கு நான் போன பாதை பூராவும் இதுக்குள்ள கெடக்கு. எந்திரம் பொய் சொல்லாது" அப்படின்னு மேசையில வச்சேன். எல்லாரும் எட்டிப் பாத்தாவ. திரையில கீறல் விழுந்து கெடக்கு, வெயில்ல ஒண்ணும் தெரியல. அப்பம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருசாப் பாப்போம்னு தலைவர் சொன்னாவ. அமலதாஸ் தலைவர், பழைய வாத்தியார், நியாயமான மனுசன். அது முடியுத வரைக்கும் ரெண்டு வள்ளமும் கடலுக்குப் போகக்கூடாதுன்னு முடிவு. ஒரு நாள் வேலதானன்னு நெனச்சேன். என் வாய்தான் எனக்கு எமன்.

மொதக் கம்ப்யூட்டரு பிரவுசிங் சென்டர் வச்சிருக்க பொண்ணு வியாகுலத்துட்ட. விண்டோஸு. வயரை மாட்டினதும் ஏதோ டிரைவர் வேணும்னு கேட்டுச்சு. எனக்கு எதுக்கும்மா டிரைவரு, நாந்தான டிரைவருன்னேன், அவ சிரிக்கா. அதைத் தேடி எடுக்க அரை நாளு. பெறகு புதுசா ஒண்ணைப் போடச் சொல்லுச்சு, பழசை எடுக்கச் சொல்லுச்சு, அணைச்சுப் போடச் சொல்லுச்சு. கடைசியில மேப்பு வந்துச்சு. சிவப்புக் கோடு. நம்ம கரையில இருந்து கிளம்புது, போகுது, அந்தால ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி ஒரு நேர்கோடு. அந்த நேர்கோடு எதுக்கு மேல போகுதுங்கீங்க? கிராசியான் வலை போட்டேன்னு சொன்னானே, கோபுரத்துக்கு நேர் கிழக்க, அதுக்கு நடு மத்தியில போகுது.

கடல்ல எவனாவது ஸ்கேல் வச்ச மாதிரி வள்ளம் ஓட்டுவானா? அலை இருக்கு, காத்து இருக்கு, நீரோட்டம் இருக்கு. அந்த விண்டோஸுக்கு இது ஒண்ணும் தெரியாதா? வியாகுலம் அதைக் கலர்ல பிரிண்டு போட்டு வேற குடுத்துட்டா. கிராசியான் அந்தத் தாளைக் கையில பிடிச்சுக்கிட்டு ஊரு பூராவும் நடக்கான்.

வீட்டுக்கு வந்து படுத்த பெறகுதான் ஞாபகம் வந்துச்சு. நான் மிஷினை அணைச்சிருக்கேன்.

நீங்க எந்த ஊரு தம்பி? கோவில்பட்டியா? கடல்ல சொந்தக்காரன் யாரும் கெடையாதே? அப்பம் சொல்லலாம். கடலுக்கு அடியில பாறை இருக்கும், நாங்க பாருன்னு சொல்லுவோம். பாரு இருந்தா மீனு அடையும். எங்கிட்ட ஒரு பாரு இருக்கு. எங்கிட்டன்னா, எனக்கு மட்டுந்தான் தெரியும். எம் மாமனார் தஸ்நேவிஸ், கிராசியானுக்குத் தகப்பனார், எங் கல்யாணத்துக்கு மொத நாளு என்னைத் தனியா வள்ளத்துல கூட்டிட்டுப் போயி காட்டிக் குடுத்தாரு. "நகை கொஞ்சம் கொறைச்சல்தான் மாப்ள. இதுதான் நான் தார சீதனம். எம் மவனுக்குக் கூடச் சொல்லல, அவன் ஓட்டவாயன்"ன்னாரு. பத்தொம்பது வருஷம் ஆச்சு. பொண்டாட்டிகிட்ட மூச்சு விட்டதில்ல. அங்க போற அன்னைக்கு ஆள் ஏத்தமாட்டேன், தனியாத்தான் போவேன். பாரை நெருங்கும்போது மிஷினை அணைச்சிருவேன், திரும்பி வார வழியிலதான் மறுபடி போடுவேன். எவன் கையிலயாவது மிஷினு சிக்கினாலும் பாதை தெரியக்கூடாதுல்லா. கோயிலுக்குள்ள போகும்போது செருப்பக் கழத்துத மாதிரி, கை தன்னால அதைச் செஞ்சிரும். அதான் கமிட்டியில வாயக் குடுக்கும்போது எனக்கு அது நெனப்பே வரல.

விண்டோஸு என்ன செஞ்சிருக்குன்னா, நான் அணைச்ச இடத்தையும் மறுபடி போட்ட இடத்தையும் தன் இஷ்டத்துக்குச் சேத்துக் கோடு போட்டிருக்கு. தெரியலன்னா தெரியலன்னு விடணும். தெரியாததைச் சேத்துவச்சுச் சொன்னா அதுக்குப் பேரு பொய்சாட்சி தான?

கமிட்டியில போயி, இந்தக் கம்ப்யூட்டர் சரியில்ல, வேற கம்ப்யூட்டர்ல பாக்கணும்னு சொன்னேன். கிராசியான் குதிச்சான். தலைவர்தான், ரெண்டு மூணு சாட்சி வேணும்னு வேதத்துலயே இருக்கு, இன்னொண்ணுலயும் பாப்போம்னு சொன்னாவ.

ரெண்டாவது கம்ப்யூட்டரு தலைவரோட மருமவனுக்குள்ளது. துபாய்ல இருந்து லீவுக்கு வந்திருந்தாரு. ஆப்பிள் கம்பெனி மாக்குன்னு சொன்னாரு. வெள்ளித் தாம்பாளம் கணக்கா இருக்கு, தொடவே பயம். வயரைக் குத்த அதுல ஓட்டையே இல்ல. அதுக்குத் தனியா, நடுவுல மாட்டி வயரைச் சேக்க ஒரு முண்டு வேணுமாம், அது தூத்துக்குடியில கிடைக்காதாம், மெட்ராஸ்ல இருந்து வரணுமாம். ஒம்பது நாள் காத்துக் கெடந்தோம். சீலா ஓடுத ஒம்பது நாளு தம்பி. மத்தவன் வள்ளத்துல ஏலம் கேக்குத சத்தம் எங்க வீட்டுக்குள்ள வரைக்கும் கேக்கும். முண்டு வந்துச்சு, மாட்டினாரு. ஒண்ணுமே வரல. மிஷினு இருக்கதாவே அது ஒத்துக்கல. பழைய மாடலு மாமான்னு சொல்லிட்டு லீவு முடிஞ்சு போயிட்டாரு.

எம் பொண்டாட்டி அப்பம் ஒண்ணு சொன்னா. "கம்ப்யூட்டரு கெடக்கட்டும். நீங்க ரெண்டு பேருமே என்னமோ மறைக்கீங்க. எங்க அப்பா பொய் சொல்லும்போது இருக்க மொகரைதான் ரெண்டு பேருக்கும் இருக்கு." பொம்பளைக்கு என்ன தெரியும் கடல்தொழிலப் பத்தி?

மூணாவது, கோயில் ஆபீசுல. எங்க பங்குச்சாமி மதுரைப் பக்கம், கடலு அவருக்குப் புதுசு, நல்ல சாமி. கம்ப்யூட்டர்னா உயிரு. அவரு வச்சிருக்கது லினக்ஸு. காசு குடுத்து வாங்க வேண்டாம், யாரு வேணாலும் பகிர்ந்துக்கிடலாம், இதுதான் கிறிஸ்தவனுக்கு ஏத்த கம்ப்யூட்டர்னு பிரசங்கத்துலயே சொல்லுவாரு. அவருகிட்ட எல்லா வயரும் இருந்துச்சு. கறுப்புத் திரையில என்னமோ டைப் அடிச்சாரு, அம்புட்டும் எழுத்தா வந்து விழுது, படம் இல்ல. பெறகு மேப்புல கொண்டு வந்தாரு. கோடு ரெண்டு துண்டா வந்துச்சு. நடுவுல ஒண்ணுமே இல்ல, வெறுங்கடல்.

பாத்தீங்களா, நான் அந்தப் பக்கம் போகலன்னு சொன்னேன். கிராசியான் உடனே, அப்பம் நடுவுல எங்க போனான், எதுக்கு மிஷினை அணைச்சான், வலைய அறுக்கத்தான அணைச்சான்னு கேக்கான். கமிட்டி பூராவும் எம் மூஞ்சியப் பாக்கு. நான் எங்க போனேன்னு ஒரு வார்த்தை சொன்னா தீந்துச்சு. சொன்னா மறுநாளு காலையில அறுபது வள்ளம் அங்க நிக்கும். கடல்லதான் இருந்தேன்னு சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கல. பத்தொம்பது வருஷம் காப்பாத்தின பாரா, இல்ல என் வாய்ச்சொல்லா, ரெண்டுல ஒண்ணு அன்னைக்குப் போயிரும்னு தெரிஞ்சிட்டு.

அப்பம் சாமி, பாவம் நல்ல எண்ணத்துல, கிராசியானும் ஜிபிஎஸ் வச்சிருக்கான்லா, அதையும் போடுவோம், வலை எங்க இருந்துச்சுன்னு துல்லியமாத் தெரிஞ்சிரும்னு சொன்னாரு. கிராசியான் மூஞ்சி செத்துப்போச்சு. என் மிஷினு வேற கம்பெனி, வயரு சேராதுங்கான். சாமிகிட்ட அந்த வயரும் இருக்கு. பேட்டரி இல்லங்கான். சாமி பேட்டரியும் குடுத்தாரு. அவனுக்கும் லினக்ஸ் மேல நம்பிக்கை இல்ல போலன்னு நெனச்சேன். மொத தடவயா அவன் மேல எனக்குக் கொஞ்சம் இரக்கமா இருந்துச்சு.

தலைவரும் மத்தவங்களும் வெளிய வராந்தாவுல டீ குடிச்சிட்டு இருந்தாவ. உள்ள சாமியும் நாங்க ரெண்டு பேரும்தான். சாமி ரெண்டு மிஷினுலயும் இருந்த எல்லாத்தையும் ஒரே மேப்புல கொட்டிட்டாரு. என் பாதை மட்டும் இல்ல, நான் பத்தொம்பது வருஷமாக் குறிச்சு வச்ச புள்ளி பூராவும். அவன் புள்ளி பூராவும். என் பாரை நான் 'வேஸ்ட்'னு பேரு போட்டுக் குறிச்சு வச்சிருந்தேன். திருடன் பாத்தாலும் தாண்டிப் போயிரணும்ல. அந்த 'வேஸ்ட்' மேலயே இன்னொரு புள்ளி உக்காந்திருக்கு. கிராசியானுக்குள்ளது. 'சும்மா'ன்னு பேரு போட்டிருக்கான். அதுக்குப் பக்கத்துல, முப்பது பாகம் கூட இருக்காது, இன்னொரு புள்ளி. 'வலை'. வலை அறுந்த அன்னைக்குத் தேதி.

கோபுரத்துக்கு நேர் கிழக்க ஒண்ணும் இல்ல தம்பி. ஒரு புள்ளி கூட இல்ல.

நான் அவனைப் பாக்கேன். அவன் என்னைப் பாக்கான். சாமி கேக்காரு, "இது என்னப்பா, ரெண்டு பேரு புள்ளியும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா இருக்கு?"

கிராசியான் சொல்லுதான், "சாமி, இந்தக் கம்ப்யூட்டரு தப்பாக் காட்டுது."

நானும் சொன்னேன், "ஆமா சாமி. லினக்ஸ்ல இந்த மிஷினு ஒத்துவராது."

நாப்பத்தோரு நாள்ல நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன மொத வார்த்தை அது. சாமிக்கு மூஞ்சி சிவந்துட்டு. லினக்ஸ் தப்பாக் காட்டாது தொபியாஸ், வேணும்னா மறுபடி போட்டுப் பாப்போம்னு கெஞ்சாத குறையாச் சொன்னாரு. நாங்க வயரை உருவிட்டோம். வெளிய வந்து தலைவர்கிட்ட, மூணு கம்ப்யூட்டரும் மூணு விதமாச் சொல்லுது, இதை வச்சு ஒண்ணும் தீக்க முடியாது, நாங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிடுதோம்னு சொன்னோம். கமிட்டிக்கும் சலிச்சுப் போச்சு. தடைய எடுத்துட்டாவ. கம்ப்யூட்டர் சாட்சி இனிமே செல்லாதுன்னு நோட்டுல எழுதியும் வச்சுட்டாவ.

சாயங்காலம் வள்ளத்து நெழல்ல கிராசியான் வந்து உக்காந்தான். பெறகு, அப்பா உமக்கு எப்பம் காட்டினாருன்னு கேட்டான். கல்யாணத்துக்கு மொத நாளுன்னேன். எனக்கு அவரு சாவுததுக்கு மொத வாரம் காட்டினாரு, மாப்ளைக்கு மட்டும் சொல்லிராத, அவனுக்குக் கை நீளம்னு சொன்னாருன்னான். எனக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. அந்தக் கெழவன் அப்பம் கையில கெடச்சிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியாது.

"வலையில ஏன் கொடி கட்டல மச்சான்? கொடி இருந்தா நான் ஒதுங்கியிருப்பேன்லா" அப்படின்னேன்.

"கொடி கட்டினா பாரு தெரிஞ்சிராதா?"ன்னான். பெறகு, "கொடி இருந்தா ஒதுங்கியிருப்பேங்கீரே, அப்பம் அன்னைக்கு ஒதுங்கலங்கீரு" அப்படின்னான்.

பாசிதான்னு சொன்னேன். பாசியாத்தான் இருக்கும்னான். திங்கள், புதன், வெள்ளி அவன். மத்த மூணு நாளு நானு. ஞாயித்துக்கிழமை யாரும் கடலுக்குப் போறதில்ல. அப்படின்னு பேசி முடிச்சோம். இந்தக் கட்டுல இருக்கது வலை. நாலு வலை. எனக்கு இல்ல, நாந்தான் தூண்டில்காரன்னு சொன்னேன்லா. யாரும் கேட்டா மச்சான் வாங்கிட்டு வரச் சொன்னாருன்னு சொல்லிருவேன்.

இதோட முடிஞ்சிருக்கணும். முடியல. அந்தச் சாமிக்கு ராத்திரி பகலா அதே நெனப்பு. தன் லினக்ஸு பொய் சொல்லுச்சுன்னு ஊர்ல பேராயிட்டுல்லா. உக்காந்து சோதிச்சிருக்காரு. வயரைத்தான நாங்க உருவினோம், உள்ள போனது உள்ளயே கெடந்திருக்கு. போன ஞாயிறு பூசை முடிஞ்சதும் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, சந்தோசத்துல சொல்லுதாரு, "தொபியாஸ், எல்லாப் புள்ளியும் அச்சு அசலா இருக்குப்பா. திருவிழாவுக்குப் பெரிய மேப்பா அடிச்சு மண்டபத்துல மாட்டப் போறேன். நம்ம ஊர்க் கடல்னு தலைப்பு. கீழ உங்க ரெண்டு பேரு பேரும் வரும்." கொடியேத்தத்துக்கு இன்னும் பத்து நாளுதான் இருக்கு.

அதான் கேள்வி. லினக்ஸ்ல இருக்கதை எப்படி அழிக்கது? தூத்துக்குடியில ஒரு கடையில கேட்டேன், எங்களுக்கு விண்டோஸ்தான் பழக்கம்னுட்டான். ரெண்டே ரெண்டு புள்ளி போனாப் போதும். சாமி குளிக்கப் போற நேரத்துல ஆபீசு திறந்துதான் கெடக்கும்.

என்ன சொல்லுதீங்க? வேற எங்கயும் அனுப்பியிருப்பாரான்னா, மேப்பு அடிக்க நாகர்கோயில் பிரஸ்ஸுக்கு மெயில் பண்ணினேன்னு சொன்னாரு. மெற்றில்டா போனுக்குக் கூட அனுப்பிவச்சாரு, உங்க வீட்டுக்காரர் பாதையப் பாரும்மான்னு. அவ திறக்கலன்னு நெனைக்கேன். அவ போன்லலாம் எங்க திறக்கப் போகுது?

திறக்குமா? வெறும் எழுத்துதானா அது? விண்டோஸ்லயும், மாக்குலயும், போன்லயும், எல்லாத்துலயுமா?

நாப்பத்தோரு நாளு தம்பி. கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெட்டியில திறக்கலியே அந்தச் சனியன். இப்பம் எல்லாத்துலயும் திறக்கும்ங்கீங்க.

அப்பம் அழிச்சுப் பிரயோசனம் இல்ல. சாமியே மனசு வச்சு, அந்த ரெண்டு புள்ளியையும் எடுக்கச் சொல்லி பிரஸ்ஸுக்குச் சொன்னாத்தான் உண்டு. அதுக்கு ஏன்னு கேப்பாரு. ஏன்னு வெளிய வச்சுச் சொன்னா, கமிட்டி முன்னால சத்தியம் பண்ணினது என்னாவும்? வெளிய போகாம சாமிகிட்ட சொல்லணும்னா ஒரு எடந்தான் இருக்கு. பாவசங்கீர்த்தனத் தொட்டி, செஞ்ச பாவத்தைச் சாமி காதுல சொல்லுத எடம். அங்க சொன்னதைச் சாமி செத்தாலும் சொல்லமாட்டாரு. ஆனா அங்க போயி லினக்ஸ் சரியாத்தான் காட்டுச்சு சாமின்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சிர முடியாதுல்லா. பூராவும் சொல்லணும்.

அந்தா, பனங்காட்டு வளைவு வந்துட்டு. அடுத்த ஸ்டாப்புல நான் எறங்கணும். கட்டை எடுத்துக்கிடுதேன். ஒரு நிமிசம், நீங்க எங்க ஊர்ப் பக்கம் வரமாட்டீங்கல்லா? ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிடுதேன், அங்க போயி வாய் கொழறக்கூடாது.

சாமி, அது பாசி இல்ல. மச்சான் வலைய நாந்தான் அறுத்தேன்.